குபேரர் வரியும் குழந்தைப் பணமும்

பிறர் கொடுக்க வேண்டிய வரியைப் பற்றிப் பேசுவதைப்போல் சுகமான காரியம் உலகத்தில் வேறொன்றும் இல்லை. அதிலும் கொடுக்க வேண்டியவர்கள் அமெரிக்கக் கோடீசுவரர்கள் என்றால் கேட்பானேன்! எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இந்த விவகாரம் எத்தனையோ நாள் தயிர்சாதத்துடன் பரிமாறப்பட்டிருக்கிறது.

விஷயம் இதுதான். 2021-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி ஜனாதிபதி ஜோ பைடன் அமெரிக்கக் காங்கிரஸின் முன் ஒரு பெருந் திட்டத்தை எடுத்துரைத்தார். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி. பிள்ளை பெற்றவர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை. குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு உதவிப் பணம். செலவுக்கு வழி? வருஷத்துக்கு நாலு லட்சம் டாலருக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர் ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். உச்ச வருமான வரியை மட்டும் நூற்றுக்கு 37-லிருந்து 39.6 ஆக்குவோம், பெருஞ் செல்வரின் மூலதன லாபத்துக்கும் அதே விகிதத்தில் வரி விதிப்போம் என்றார்.

சம்பளத்துடன் பிரசவ விடுமுறை என்பது அந்நாட்டில் அவ்வளவு பெரிய சங்கதியா என்று நேயர்கள் வியக்கலாம். அங்கே 1993-ஆம் வருஷத்துத் தேசச் சட்டம் தருவது பன்னிரண்டு வார விடுமுறை, சம்பளம் கிடையாது. நம் நாட்டிலோ 2017-லிருந்து, சட்டத்துக்கு உட்பட்ட வேலைகளிலாவது, இருபத்தாறு வாரம் சம்பளத்துடன் உண்டு. செல்வத்துக்கும் தயாளத்துக்கும் எப்போதும் உறவு இருப்பதில்லை போலும்!

குழந்தைப் பணம் மட்டும் அவ்வருஷம் மார்ச்சில் நிறைவேறிய வேறொரு சட்டத்தின் மூலம் முன்னதாகவே பிறந்துவிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலர். பதினேழு வயது வரை 250. ஜூலை 15-ஆம் தேதி முதல் தவணை, டிசம்பரில் கடைசி. முன்பெல்லாம் வருமானமே இல்லாத ஏழைக்கு இச்சலுகை எட்டாது; இம்முறை அவனுக்கும் முழுத்தொகை கிடைத்தது. சர்க்கார் குடிக்கணக்கு இலாகாவின் கணிப்பில், 2020-ல் நூற்றுக்கு 9.7 ஆக இருந்த வறிய குழந்தைகளின் விகிதம் 2021-ல் 5.2 ஆகக் குறைந்தது. (வேறு நிவாரணப் பணத்துக்கும் இதில் பங்கு உண்டு.) பணம் நின்றபின், 2022-ல் அதே விகிதம் 12.4.

எங்கள் மூத்த கணித ஆசிரியர் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய புதல்வர் நியூ ஜெர்ஸியில் உத்தியோகம் பார்க்கிறார்.

"தம்பி! என் மகனும் மருமகளும் கைநிறையச் சம்பாதிக்கிறார்கள். அவர்களுக்கும் பேரன் பெயரால் மாதம் 167 டாலர் வந்தது. எதற்கு? அதுவும் கடன் வாங்கிய பணம். மறு வருஷம் ஜூனில் விலைவாசி நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் ஏறிற்று. பணக்காரன்மேல் வரி போட்டால் ஓடிவிடுவான். சும்மா கொடுத்தால் ஏழை உழைக்க மாட்டான்!"

அவர் சொன்னதில் கடனைப் பற்றிய பகுதியை மறுப்பதற்கில்லை. அதனால்தான் செல்வர் வரி அவசியமாயிற்று என்பது என் கட்சி. ஓடிவிடுவான் என்பதை மாத்திரம் ஒப்ப மாட்டேன். அமெரிக்கப் பிரஜை எந்தத் தேசத்தில் குடியிருந்தாலும் அவனுடைய சர்க்கார் வரிக் கணக்குக் கேட்கும். தவிரவும், 1950-களின் பெரும்பகுதியில் அங்கே உச்ச விகிதம் 91! அதை உள்ளபடி செலுத்தியவர் மிகச் சிலரே என்றாலும், செல்வர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியதாகத் தெரியவில்லை.

சும்மா கொடுப்பது பற்றித்தான் எனக்கு மனம் கொதிக்கிறது. திங்கட்கிழமை தோறும் எங்கள் பள்ளியில் சத்துணவு வரிசை சற்று நீண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிந்ததோ இல்லையோ, அதைக் கேட்பவர் இல்லை. தகப்பன் வேலைக்குப் போகிறானா என்று கேட்பவரும் இல்லை. தட்டை நீட்டினால் சோறு விழும். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும், தகப்பனின் உழைப்புக்குச் சான்றிதழ் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த வரிசையருகே நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்பது வயதுப் பெண்ணிடம் அவள் தகப்பனுடைய சோம்பலுக்குக் கணக்குத் தீர்ப்பது நியாயமாகாது.

அமெரிக்காவில் அந்தச் சான்றிதழ்தான் குறுக்கே நின்றது. ஸெனட் சபையில் இரு கட்சிக்கும் ஐம்பது ஐம்பது. பைடன் கட்சியிலேயே மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின், பெற்றோர் உழைத்தாக வேண்டும் என்றும், கடனும் விலைவாசியும் பொறுக்காது என்றும் சொல்லி, டிசம்பர் 19-ஆம் தேதி கைவிரித்தார். குடும்பத் திட்டம் அத்துடன் முடங்கியது. உச்ச வரியும் 37-லேயே நின்றது.

2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அந்த 37-ஐ நிரந்தரமாக்கிவிட்டது. குழந்தைச் சலுகையை ஆண்டுக்கு 2,200 டாலராக உயர்த்தவும் செய்தது; ஆனால் வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு முழுத்தொகை இல்லையென்ற பழைய விதி மீண்டும் நடக்கிறது. நியூ ஜெர்ஸிப் பேரனுக்கு 2,200-ம் முழுசாக உண்டு. அவ்வூர் விடுதியில் சில மணி நேரம் அறை பெருக்கிப் பிழைப்பவளின் குழந்தைக்கு அதில் ஒரு பகுதிதான்.