பெட்டிக்குக் காது உண்டா?

எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரைத் தெய்வத்துக்குச் சமானமாக வைத்துப் பேசுவது நம் நாட்டு வழக்கம். அந்த ஸ்தானத்துக்குச் சில காலமாக ஒரு புதிய போட்டி ஏற்பட்டிருக்கிறது. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் டெலிவிஷன் பெட்டிதான் அந்தப் போட்டியாளர். "இதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை கெட்டுப் போகிறான்" என்கிறார் தாத்தா. "இதைப் பார்த்துத்தான் பிள்ளை ஆனா, ஆவன்னா சொல்லுகிறான்" என்கிறாள் தாயார். இருவரும் பேசுவது ஒரே பிள்ளையைப் பற்றி! வீட்டுக்கு வீடு நடக்கும் இந்த வழக்கில் நாமும் சற்றுப் புகுந்து பார்க்கலாம் என்று எண்ணினோம்.

முதலில் குழந்தையின் கஷ்டம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் எழுத்துக்கள் 247 என்றதும் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் மலைத்துப் போகிறார்கள். அவ்வளவு பயத்துக்குக் காரணமில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மற்ற 216-ம் உயிரும் மெய்யும் சேர்ந்த சேர்க்கையே. ஆனாலும் சில இடங்களில் குழந்தைக்குக் கால் தடுக்கத்தான் செய்கிறது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. வாயால் சொல்லும்போதோ ககரம் முந்திக்கொண்டு எகரம் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் ககரத்துக்கு இரண்டு பக்கமும் காவல்! கடல், நகம், தங்கம் என்ற மூன்று சொற்களிலும் இருப்பது ஒரே 'க'. காதில் விழுவதோ மூன்று விதம். 1978-ஆம் வருஷத்துக்கு முன் படித்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. ணை, லை, னை முதலிய எழுத்துக்கள் அப்போது துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. பெரியார் 1930-களில் தம்முடைய பத்திரிகையில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை 1978-இல் தமிழக அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அந்த யானைகள் எல்லாம் காட்டுக்குத் திரும்பிவிட்டன.

திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் மணலைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைத்தார். பிறகு சிலேட்டும் கரும்பலகையும் வந்தன. இவற்றில் எல்லாம் எழுதிய எழுத்து எழுதிய இடத்தில் அசையாமல் நிற்கும். டெலிவிஷனிலோ கொம்பு நடந்து வந்து ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. அது வந்து நிற்கும் அதே கணத்தில் "கெ" என்ற ஒலி காதில் விழுகிறது. ட, ப, ம என்ற எளிய வடிவமுள்ள மூன்று எழுத்துக்களையும், ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், மடம், பட்டம், மட்டம் என்று குழந்தையின் கண் முன்னாலேயே சொற்களைக் கட்டிக் காட்டலாம். கண்ணுக்கும் காதுக்கும் முடிச்சுப் போடுவதுதான் வாசிப்பின் முதற்படி. அந்த முடிச்சைப் போடுவதில் இந்தப் பெட்டி வெகு கெட்டிக்காரப் பெட்டி என்பதில் சந்தேகமில்லை.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தை முதன் முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் அமெரிக்கர்கள். சோப்பு விளம்பரத்தின் பாட்டைக் குழந்தைகள் ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடுவதை அவர்கள் கவனித்தார்கள். சோப்பை விற்கும் அதே தந்திரத்தால் எழுத்தை விற்றால் என்ன? ஜோன் கன்ஸ் கூனி என்னும் அம்மையாரின் முயற்சியால் 1969-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. சோப்புக் கம்பெனியார் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில், இன்றைய நிகழ்ச்சியை வழங்குவது இன்ன எழுத்து என்று அங்கே அறிவிப்பார்கள்! அதன் இந்தியப் பதிப்பு 'கலி கலி சிம் சிம்' என்ற பெயரில் 2006-இல் ஹிந்தியில் வந்தது.

நம் தேசமும் இந்த விஷயத்தில் தூங்கிக் கொண்டிருக்கவில்லை. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஒரு வருஷ காலம், அமெரிக்க விண்கோள் ஒன்றைக் கடன் வாங்கி, ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டினார்கள். காலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி நிகழ்ச்சி உண்டு. ஆந்திரமும் கர்நாடகமும் அந்த ஆறில் சேர்ந்திருந்தன, தமிழ்நாடு சேரவில்லை. நம் முறை வர வெகு காலம் ஆயிற்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 'கல்வித் தொலைக்காட்சி' ஆரம்பமாயிற்று. அடுத்த வருஷமே கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டிற்று. 2020 ஜூலையிலிருந்து தமிழகத்துக் குழந்தைகளுக்கு வகுப்பறை என்றால் அந்தத் திரைதான். அந்த வருஷம் முதல் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, 2021 நவம்பர் முதல் தேதி பள்ளிக்கூடம் திறந்தபோது, முதல் வகுப்பையே கண்ணால் பாராமல் இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது.

எழுதப் படிக்கத் தெரிந்த தாய் தந்தையர் உள்ள வீட்டில் இதனால் அதிக நஷ்டம் இராது. மற்ற வீடுகளில் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அண்மையில் தர்மபுரி ஜில்லாவில் உள்ள சித்தேரி மலைக்குப் போகும் சந்தர்ப்பம் வாய்த்தபோது அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போனோம்.

அரூரில் பஸ் ஏறினால், அது வளைந்து வளைந்து கிழக்கு மலைத் தொடரின் மேல் கொண்டுபோய் விடுகிறது. மலையின் பல மடிப்புகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் சித்தேரி ஊராட்சியைச் சேர்ந்தவை. அங்கே வாழ்கிறவர்களை மலையாளிகள் என்று அழைப்பார்கள். கேரள நாட்டாரோடு அவர்களுக்குச் சம்பந்தமில்லை. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று பரம்பரையாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அரசாங்கத்தின் உண்டு உறைவிடப் பள்ளி அங்கே இருக்கிறது. ஆனாலும் தங்கள் வம்சத்தில் முதன் முதலாக எழுத்தைத் தொடும் குழந்தைகள் மலையில் இன்னும் அநேகர்.

ஒரு வீட்டின் கூரை மேல் டிஷ் ஆன்டெனா தெரிந்தது. உள்ளே ஏதோ ஒரு பாலர் நிகழ்ச்சி நடந்து கொண்டிருந்தது. வாசலில் ஒரு பாட்டி சாமை புடைத்துக் கொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பேத்தி திரைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். "இது என்ன எழுத்து, சொல்லுங்கள் பார்ப்போம்!" என்று பெட்டி கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருந்தது. திரையில் நின்றது 'ம'. குழந்தை உற்சாகமாக, "பானா!" என்று கூவினாள். "சபாஷ்! சரியாகச் சொன்னீர்கள்!" என்றது பெட்டி. குழந்தைக்கு ஏக சந்தோஷம்.

நாலாவது படிக்கும் அவள் அண்ணன் மட்டும் சிரித்தான். "ஏ புள்ளே, அது பானா இல்லே, மானா" என்று சொல்லித் தங்கையை வாசலுக்கு இழுத்து வந்தான். பாட்டியின் முறத்தில் இருந்த சாமையைக் கையால் பரப்பி, அதன் மேல் விரலால் முதலில் 'ப' எழுதினான். பக்கத்தில் 'ம' எழுதினான். பிறகு அவள் விரலைப் பிடித்து எழுத வைத்தான். பாட்டி முறத்தைத் தந்துவிட்டு நம்மைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் சாமி, தப்பாச் சொன்னாலும் சபாஷுங்குதே, பெட்டிக்குக் காது கேக்காதா?"

கல்வி நிபுணர்கள் பல வருஷம் ஆராய்ந்த விஷயத்தைப் பாட்டி ஒரே கேள்வியில் அடக்கிவிட்டாள். 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கிய மறு வருஷமே அதைச் சோதித்துப் பார்த்தவர்கள், அதிகமாகப் பார்த்த குழந்தைகள் அதிகமாகக் கற்றதாகக் கண்டார்கள். பிறகு 1975-இல் தாமஸ் குக் முதலியோர் அந்தக் கணக்கையே மறுபடியும் அலசினார்கள். பெரியவர்கள் ஊக்கப்படுத்திப் பார்க்கச் செய்த குழந்தைகளுக்கே லாபம் அதிகம் என்றும், பெட்டியை மட்டும் நம்பினால் வசதியுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள தூரம் குறைவதற்குப் பதிலாகக் கூடினாலும் கூடலாம் என்றும் எச்சரித்தார்கள்.

இதனால் பெட்டியே வேண்டாம் என்று தாத்தாவின் கட்சியில் சேர்ந்துவிடுவதும் சரியல்ல. மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பிற்காலத்தில் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி செய்தார்கள். 1969-இல் அமெரிக்காவின் சில பகுதிகளில் அந்த நிகழ்ச்சி தெளிவாகக் கிடைத்தது. சில பகுதிகளில் சரியாகக் கிடைக்கவில்லை. நன்றாகக் கிடைத்த ஊர்க் குழந்தைகள் ஆரம்பப் பள்ளியில், வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் படித்தார்கள் என்று கண்டார்கள். சிக்னல் எட்டுவதும் எட்டாததும் ஒரு குழந்தையின் படிப்பைத் தொடுகிறது! மலையின் மறுபுறத்தில் பிறந்த ஒரே காரணத்தால் ஒரு குழந்தைக்கு எழுத்து எட்டாமல் போகலாமா?

ஆகவே சிக்னலும் வேண்டும், சிக்னலோடு ஒரு ஆளும் வேண்டும். நம் அரசாங்கமும் அனுபவத்தில் இதைக் கண்டுகொண்டது என்றே சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொண்டர்களை மாலை வேளையில் குழந்தைகளிடம் அனுப்பினார்கள். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கி, ஒன்று முதல் மூன்று வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிநிலைகளாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கலானார்கள். எந்தப் படியில் எந்தக் குழந்தை நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, அதை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பதற்குக் காது வேண்டும் அல்லவா?

வீட்டில் இருப்பவர்கள் செய்யக் கூடியதும் பிரமாத காரியம் அல்ல. குழந்தை பார்க்கும்போது பக்கத்தில் உட்காரலாம். திரையில் வந்த எழுத்தை அரிசியிலோ மணலிலோ எழுதச் சொல்லலாம். அதே எழுத்தைத் தீப்பெட்டியிலும், பஸ்ஸின் நெற்றியிலும், ரேஷன் கடைப் பலகையிலும் கண்டுபிடிக்கச் சொல்லலாம். தமக்கே படிக்கத் தெரியாதென்று எந்தத் தாயும் பாட்டியும் கூச வேண்டியதில்லை. "இதை எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேட்டால் போதும். அப்படிக் கேட்கிறவர் ஒருவர் வீட்டில் இருந்தால், எந்தக் குழந்தைக்கும் வாசிப்பில் ஆசை பிறக்கும்.

பெட்டி பாட்டுக்குப் பேசட்டும்; நன்றாகத்தான் பேசுகிறது. தினம் அரைமணி நேரம் அதன் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டு, குழந்தை சொல்லும் பதிலை யாராவது கேட்டால் சரி. அந்தக் காதுகளை மட்டும் எந்த விண்கோளாலும் அனுப்ப முடியாது. அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும்.