மணலில் கிடந்த உடம்பு

உடப்புக்குப் போகும்போதெல்லாம் கரைவலை இழுப்பதை நின்று பார்ப்பது என் நெடுநாளைய வழக்கம். அம்பாப் பாடலின் தாளத்துக்கேற்பக் கயிற்றை இழுத்தவாறு பின்னோக்கி நடக்கும் அந்த மனிதர்களைப் பற்றிப் பத்திரிகையில் பலமுறை எழுதியுமிருக்கிறேன். அண்மையில் அதே கரையோரத்தில் வேறொரு காட்சி என்னை நிறுத்தி வைத்தது.

அயலிலுள்ள சிறிய பாடசாலையொன்றின் இரண்டாந் தரப் பிள்ளைகள் பதினைந்து பேர் ஈரமணலில் வட்டமாகக் குந்தியிருந்தனர். நடுவே ஒரு சிறுவன் கை கால்களை விரித்து மல்லாந்து கிடந்தான். ஒரு சிறுமி ஈர்க்கினால் அவனைச் சுற்றிக் கோடு கீறினாள். அவன் எழுந்ததும் மணலில் ஓர் ஆள் வடிவம். பிறகு அதற்குள் உறுப்புகளை வைக்கும் வேலை தொடங்கியது. மார்பின் நடுவே சற்று இடப்புறமாக ஒரு சிப்பி, அதுதான் இதயம். “உங்கள் பொத்திய கை எவ்வளவோ, உங்கள் இதயமும் ஏறத்தாழ அவ்வளவுதான்” என்றார் ஆசிரியை. எல்லோரும் கையைப் பொத்திப் பார்த்தனர். சிப்பி சிறிதென்று ஒருத்தி பெரியதைத் தேடி ஓடினாள்.

அடுத்து ஒரு பழைய வலைக்கயிறு வந்தது. வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர். கயிற்றை நீட்டிப் பிடித்த பிள்ளைகள் திகைத்துப் போயினர்.

“இவ்வளவும் வயிற்றுக்குள்ளே எப்படி டீச்சர் இருக்கும்?”

“இவ்வளவு பெரிய வலையை அப்பா தோணியில் எப்படி ஏற்றுகிறார்?”

“மடித்து மடித்து!”

அவ்வளவுதான், பாடம் முடிந்தது. அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலின் வாயில் ஒரு பலூனைப் பொருத்தி உள்ளே தொங்கவிட்டு, வெட்டிய அடியில் இன்னொரு பலூனின் தோலை இழுத்துக் கட்டியிருந்தார். தோலைக் கீழே இழுத்தால் உள்ளே பலூன் விரிந்தது, விட்டால் சுருங்கியது. நுரையீரலும் பிரிமென்றகடும் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டன.

ஆண், பெண் உறுப்புகளையும் அவர் மறைக்கவில்லை. பையன்கள் சிரித்தனர். சிரித்து முடியும்வரை காத்திருந்து, “இதுவும் காது, மூக்குப் போல உங்கள் உடம்புதான். இங்கே வலித்தாலும், யாராவது தொட்டாலும் உடனே வீட்டில் சொல்ல வேண்டும். என்னிடமும் சொல்லலாம்” என்றார். யாரும் அதன்பின் சிரிக்கவில்லை.

ஏன் இத்தனை சிரமம் என்று கேட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வகுப்பில் ஒரு பையன் வயிற்றுவலி என்று அழுதிருக்கிறான். பூச்சித் தொல்லை என்று தாய் நினைத்தாள். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கியதை அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு எல்லாமே ‘வயிறு’தான். வைத்தியசாலையில் தாய்க்குச் சிங்களம் தெரியாது. குடல்வால் அழற்சி என்று கண்டு சத்திரசிகிச்சை செய்து பிழைக்க வைத்தார்கள். “மொழி தெரியாவிட்டாலும், எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டவாவது பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே ஐயா” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மனிதனுக்கு 206 எலும்புகள் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டமும் பெற்றவன். என் தந்தையார் ஓரிரவு இடது தோளும் கையும் உளைகின்றன என்றபோது, தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கச் சொன்னவனும் நான்தான். விடியும்போது அவர் இல்லை.

செயல்வழிக் கற்றல் நமக்குப் புதியதன்று. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடம் 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு ஆரம்ப வகுப்புகளுக்குள் நுழைந்தது. ஆனால் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து இரண்டாந் தரத்திலேயே பதறும் பெற்றோருக்கு மணலில் நடப்பது விளையாட்டாகத்தான் தெரிகிறது. “பிள்ளையைக் கொப்பியில் எழுத வையுங்கள்” என்று அவரிடமும் சிலர் முறையிட்டிருக்கிறார்கள்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கில உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் அவர் ஊர் திரும்பினார். தன் உடம்பைத் தன் மொழியில் அறிவது மனிதனின் உரிமை என்பதற்கு அவர் பணியைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அந்த வேலையின் மிச்சத்தைத்தான் இந்த ஆசிரியை ஈர்க்கையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு செய்கிறார்.

புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றே: “மழைக்காலத்தில் கடற்கரைக்கு வர முடியாது. பழைய பத்திரிகைகள் இருந்தால் அனுப்புவீர்களா? விரித்த இரண்டு தாள்களை நீளவாக்கில் ஒட்டினால் ஒரு பிள்ளை படுக்கலாம்.”

மறுநாளே ஒரு கட்டு அனுப்பினேன். என் கட்டுரைகள் சிலவும் அதில் இருந்திருக்கும். அவற்றின் மேல் ஒரு பிள்ளை படுத்து எழுந்தால் போதும்.