பொதுவா, பொதுவல்லாததா?

ஒன்றனை நோக்கி, "நீ பொதுவானதா?" என வினவினால் ஆம் அல்லது இல்லை என்பதே விடையாகும். "நீ பொதுவல்லாததா?" என மாற்றி வினவின், விடையும் மாறுதல் வேண்டும். அளவையியல் நமக்குப் புகட்டிய பாடம் இது. ஆயின் இவ்விரு வினாக்களுக்கும் "இல்லை" என்றே விடையிறுக்கும் ஒன்றனைச் செய்நிரலாக்கத் துறையிலே கண்டு நான் வியப்புற்றதுண்டு.

சீ ஷார்ப் மொழியில் ஒரு வகுப்பினுள்ளே மற்றொரு வகுப்பினை அமைக்கலாம். அதனை உள்வகுப்பு என்போம். வகுப்பொன்றினை எவரெவர் அணுகலாம் என்பதனைப் பப்ளிக், பிறைவேற் முதலிய அடைமொழிகள் வரையறுக்கின்றன. இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரல் இவ்வடைமொழிகளை ஆராய்ந்தறியும் வசதியே ரிஃப்ளெக்ஷன் எனப்படுவது. ஒரு செய்நிரற்றொகுதி பிறருக்குத் திறந்துவைத்துள்ள வகுப்புக்களைப் பட்டியலிடும் பொருட்டு நான் அவ்வசதியினை நாடினேன்.

பப்ளிக் என அறிவிக்கப்பட்ட உள்வகுப்பினிடம் 'இஸ் பப்ளிக்' என வினவினால் இல்லை என்கின்றது. 'இஸ் நொட் பப்ளிக்' என வினவினாலும் இல்லை என்கின்றது. காரணம் எளியது. டொட் நெட் தளம் அணுகல் நிலையினை மூன்று இரும இலக்கங்களிற் பதிந்து வைக்கின்றது. ஆகவே 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உள. தனித்து நிற்கும் வகுப்பு பொதுவல்லாததாயின் 0, பொதுவாயின் 1. எஞ்சிய ஆறும் உள்வகுப்புக்கே உரியன. பொதுவான உள்வகுப்பு 2, பிறைவேற் உள்வகுப்பு 3 எனத் தொடரும். முதல் வினா 1 உளதா எனவும் மற்றையது 0 உளதா எனவும் மட்டுமே நோக்குகின்றன. 2 என்பது இரண்டுமன்று. அளவையியல் பொய்க்கவில்லை, ஒன்றற்கொன்று நேர் எதிரானவை போலத் தோன்றிய வினாக்கள் உண்மையில் அத்தகையன அல்ல.

உள்வகுப்புக்கென 'இஸ் நெஸ்ரட் பப்ளிக்' என்னும் தனி வினா உண்டு. அதுவும் முழுமையானதன்று. தன் தொகுதிக்குள் மட்டும் புழங்கும் ஒரு வகுப்பினுள்ளே பப்ளிக் ஆன உள்வகுப்பு இருக்கக்கூடும். அது தன்னைப் பொதுவானது என்றே கூறும். ஆயினும் வெளியார் எவரும் அதன் பெயரைத் தம் செய்நிரலில் எழுதி அதனைப் பயன்படுத்த இயலாது. அறைக்கதவு திறந்திருந்தும் தலைவாசல் பூட்டிக் கிடக்கும் வீடு போன்றது அது. 2005ஆம் ஆண்டில் டொட் நெட் 2.0 உடன் வந்த 'இஸ் விசிபிள்' என்னும் வினாவே உள்வகுப்பினைச் சூழ்ந்துள்ள வகுப்புக்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாக நோக்கி விடை பகர்கின்றது.

முதல் வினாவோடு அமைந்துவிடும் பட்டியல், திறந்து கிடக்கும் உள்வகுப்புக்களை மறைத்துவிடும். பாதுகாப்பை ஆராய்பவர் அதனை நம்பி ஏமாறுவர். இரண்டாவதோடு அமைவது, எட்டாதனவற்றையும் எட்டுவனவாகக் காட்டும். பொதுமை என்பது ஒரு வகுப்பின் தனிப்பண்பன்று, அது அமைந்துள்ள இடத்தையும் பொறுத்தது என்பதே இதனால் நான் பெற்ற தெளிவு. பிழையற்ற கருவியும், வினா பிழைத்தால், உண்மையே கூறி நம்மை வழிதவறச் செய்யும்.