டின் சொன்ன சேதி

மூணாம் நாள் ராத்திரி. குழந்தை வீல் வீல்! "எனக்குப் பாலே இல்லியாங்க? நானெல்லாம் ஒரு அம்மாவா?" என்று மனைவி விசும்ப, "டின் பால் வாங்கிடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

மேற்குத் தாம்பரம் மெடிக்கல் ஷாப்பில் டின்னைத் திருப்பினேன். 'தாய்ப்பாலே சிறந்தது'! 1992-ம் வருடச் சட்டப்படி, டின் தன்னைத்தானே மட்டம்தட்டிக்கொள்ள வேண்டுமாம்!

பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவை அழைத்து வந்தேன். "மூத்திரம் நல்லாப் போறானா? அப்பப் பயமில்லை. காம்பை மட்டும் கவ்வினா வலிக்கும். சுத்தியிருக்கிற கறுப்பு வட்டமும் வாய்க்குள்ள போகணும். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். தம்பி, நீங்க தலையணையைப் பிடிங்க!"

பிடித்தேன். விடியும்போது 'மடக் மடக்' சத்தம். மனைவி முகத்தில் சிரிப்பு.

நான்? கிண்டியில் இறங்க வேண்டியவன், பீச் ஸ்டேஷனில் கண்விழித்தேன்!