கட்டடம் காக்கும் ஏடு

கட்டடத்தை எழுப்புவதற்கு வேண்டியவை பொருளும் திறமையும் ஆகும். எழுப்பிய கட்டடத்தைப் பேணிக் காப்பதற்கோ நினைவு வேண்டும். எந்தக் கூரை எந்த ஆண்டில் மாற்றப்பட்டது, எந்தக் குழாய் எவ்வழியே ஓடுகிறது, எந்தச் சுவரில் முதன்முதலாக வெடிப்புக் கண்டது என்னும் செய்திகள் மறக்கப்படும் அன்றே கட்டடத்தின் தளர்ச்சி தொடங்கிவிடுகிறது.

இவ்வுண்மையைச் சிங்கப்பூர் கண்ணீரோடு கற்றது. 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், சிராங்கூன் சாலையில் நின்ற ஆறு மாடி 'ஹோட்டல் நியூ வோர்ல்ட்' கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து மண்ணோடு மண்ணாயிற்று. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டனர். கட்டடத்தின் சொந்த எடையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. நலிந்து நின்ற தூண்களின்மீது காலப்போக்கில் வேறு பாரங்களும் ஏறியிருந்தன. இதன்பின், 1989ஆம் ஆண்டின் சட்டம் கட்டடங்களைக் காலமுறைப்படி பொறியாளர் ஆராய வேண்டும் என விதித்தது. குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை, ஏனையவற்றுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது பொது விதி. ஆராய வருபவர் முதலில் கேட்பது முந்தைய ஏட்டை அன்றோ?

பல பள்ளிகளில் அந்த ஏடு தாளில் இல்லை. ஒரு மனிதரின் தலையில்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் பணிசெய்த தோட்டக்காரர் ஒருவர், திடலின் அடியில் நீர்க்குழாய் எங்கே திரும்புகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் ஓய்வு பெற்றுச் சென்ற மறு ஆண்டு, புதிய வேலிக்குக் குழி தோண்டுவோர் அக்குழாயை உடைப்பர். பள்ளி நீரின்றி நிற்கும். இதில் தோண்டியவரின் குற்றம் எதுவுமில்லை. எழுதி வைக்காமையே குற்றம்.

எழுதி வைப்பதற்கு இன்று கணினி இருக்கிறது. ஆயினும் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வியில் பலர் தடுமாறுகின்றனர். தேவை இன்னதெனத் தெளியாமல் கருவியைத் தேடுவதே இத்தடுமாற்றத்துக்குக் காரணம்.

பெரும்பாலோர் முதலில் நாடுவது விரிதாளை. சிறு பட்டியலுக்கு அது போதும். ஆனால் ஒரே அறையின் பெயர் மின்விசிறிப் பட்டியலில் ஒருவிதமாகவும், தீயணைப்புக் கலன் பட்டியலில் வேறுவிதமாகவும் எழுதப்படும்போது குழப்பம் பிறக்கிறது. விரிதாளுக்கு எல்லையும் உண்டு. எக்செல் மென்பொருளின் பழைய கோப்பு வடிவில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொரோனாத் தொற்று விவரங்களை இவ்வடிவில் கையாண்டபோது 15,841 பேரின் பதிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமற்போயின.

தரவுத்தளம் என்பது இக்குறையை நீக்கப் பிறந்த முறை. 1970ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் இதன் இலக்கணத்தை வகுத்தார். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் தரப்படும். அறையின் பெயர் ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படும். மின்விசிறியும் கலனும் அவ்வெண்ணைச் சுட்டி நிற்கும். பெயர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். இலக்கணம் கற்ற ஆசிரியருக்கு இது புதிதன்று. ஒரு விதியை ஒருமுறை கூறி, வேண்டிய இடங்களில் அதனைச் சுட்டுவது நூற்பாக்களில் நாம் அறிந்த நெறியே.

தரவுத்தளம் 'எது, எப்போது' என்பவற்றுக்கு விடை தரும். 'எங்கே' என்பதற்கு விடை தருவது வரைபடம். 1854இல் இலண்டனில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்நோ இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவின் நீரேற்றுக் குழாயைச் சுற்றி அவை திரண்டிருந்தன. பட்டியலில் புலப்படாதது படத்தில் புலப்பட்டது. 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் இக்கலையைக் கணினிக்குள் கொணர்ந்தார். கட்டடம், குழாய், மின்கம்பி, வடிகால், மரம் எனத் தனித்தனி அடுக்குகளாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இதன் சிறப்பு.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மலேசியாவின் பழைய நில அளவை முறையும் 2003இல் வந்த ஜிடிஎம்2000 முறையும் வேறுவேறு அடிப்படையின. இவற்றைக் கலந்தால் ஒரே கட்டடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகித் தோன்றும். எனவே எம்முறையில் வரைந்தது என்பதைப் படத்திலேயே குறித்தல் கடமையாகும்.

மென்பொருள்களுள் விலை கொடுத்துப் பெறுவனவும் உண்டு; கட்டணமின்றிக் கிடைப்பனவும் உண்டு. முன்னதற்கு ஆர்க்ஜிஐஎஸ் எடுத்துக்காட்டு. 2002இல் தோன்றிய க்யூஜிஐஎஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணையும் போஸ்ட்ஜிஐஎஸ் ஆகியவை பின்னதற்கு எடுத்துக்காட்டுகள். நூற்றுக்கணக்கான கட்டடங்களை ஆளும் நிறுவனத்துக்கு ஆதரவுப் பணியோடு கூடிய விலைப்பொருள் தக்கதாகலாம். ஒரு பள்ளிக்குக் கட்டணமற்றதும் சிறியதுமே போதும். ஆயினும் கட்டணமின்மை உழைப்பின்மை ஆகாது. கற்பதற்கும் பதிவதற்கும் ஒருவர் நாள்தோறும் நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

தேர்வு செய்வோர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நாள்தோறும் பதிபவர் யார்? நிறுவனம் கைவிட்டாலும் தரவுகளைப் பொது வடிவில் வெளியே எடுக்க இயலுமா? தமிழ்ப் பெயர்களை ஒருங்குறியில் ஏற்குமா?

மூன்றாம் கேள்வியின் அருமை தமிழருக்கு நன்கு தெரியும். ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைக் கொண்டிருந்த காலத்தில், ஒரு கணினியில் தட்டிய தமிழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய் நின்றது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு இச்சிக்கலைத் தீர்க்க முயன்ற தொடக்க முயற்சிகளுள் ஒன்று. மென்பொருள் மறைந்தபோது ஏடும் உடன் மறையும் துன்பத்தை மொழியால் அனுபவித்தவர், கட்டடத்துக்கும் அதே விழிப்பைக் காட்டுதல் வேண்டும்.

மாணவர்கள் இப்பணியில் பங்குகொள்ளலாம். அளவுநாடா பிடித்து வகுப்பறையை அளப்பதிலும், வடிகால் செல்லும் வழியை வரைவதிலும் கணிதமும் புவியியலும் உயிர்பெறுகின்றன. அப்போது பள்ளி தம்முடையது என்னும் உணர்வும் வளர்கிறது.

எனினும் எந்த மென்பொருளும் சுவரின் வெடிப்பைத் தானாகக் காணாது. கண்டவர் எழுத வேண்டும்; எழுதியதைப் படித்தவர் செயற்பட வேண்டும். இவ்விரண்டும் நிகழும் பள்ளியில் எளிய மென்பொருளும் குழந்தைகளைக் காக்கும். நிகழாத இடத்தில் விலையுயர்ந்த மென்பொருளும் வெற்றுத் திரையே.