கடல் கடந்து தமிழகம் செல்வார்க்கு

சிதம்பர தரிசனத்துக்குக் கப்பலிற் போக எண்ணும் பழைய மாணவ நண்பர் சிலர், ஒருமுறை சென்று வந்தவன் என்ற முறையில் என்னிடம் வழி கேட்கின்றனர். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் கப்பற் சேவை மீண்டும் தொடங்கிற்று. கடலில் ஏறக்குறைய நான்கு மணி நேரந்தான். நெடுந்தீவானாகிய எனக்கோ, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் பண்ணைப் பாலமும் கடந்து காங்கேசன்துறை சேர்வதே பெரிய யாத்திரை! தீவார் முதல் நாளே புறப்படுக. மாரிகாலத்தில் சேவை நிறுத்தப்படுவதுண்டு. விசாரித்த பின்னரே பெட்டி கட்டுக. விசாவை முன்னதாகவே பெறுதல் வேண்டும். கடிகாரத்தைத் திருப்பவேண்டா, 2006 முதல் இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே.

இவற்றை எவரும் சொல்வர். எனக்கு எவரும் சொல்லாததைச் சற்று விரித்துரைக்கிறேன்.

சிதம்பரத்தில் இரவு எட்டு மணிக்கு ஒரு விடுதியில் இடங் கேட்டேன். கணக்கர் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க வெளிநாட்டுக்காரர், இங்கே ரூம் கிடையாது சார்” என்றார். வெளிநாட்டவரைத் தங்கவைப்போர் 24 மணி நேரத்துள் அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டும். அதற்கு ஆயத்தமில்லாத விடுதியார் நம்மை ஏற்கமாட்டார். சட்டம் சட்டமே. ஆயினும், 1864இல் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவிய ஊரிலே, பெட்டியுந் தானுமாய்த் தெருவில் நின்ற தமிழாசிரியனின் மனநிலையை நீங்களே ஊகித்துக்கொள்க. போதாக்குறைக்கு அவர், “தமிழ் நல்லாப் பேசுறீங்களே!” என்று வியந்தும் அனுப்பினார். வெளிநாட்டவரை ஏற்பார்களா என்பதைப் புறப்படுமுன்னரே கேட்டறிந்து, இடத்தை உறுதிசெய்துகொண்டு செல்லுங்கள்.

மொழியிலும் கவனம் வேண்டும். காலையில் கடையொன்றிற் ‘பாண்’ கேட்டேன். கடைக்காரர் அடுத்திருந்த வெற்றிலைக் கடையைக் காட்டினார். போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொல் அங்கே செல்லாது. ‘ரொட்டி’ அல்லது ‘பிரட்’ என்க. சவர்க்காரத்துக்குச் ‘சோப்பு’. ‘அவரோடு கதைத்தேன்’ என்றால் விழிப்பர், ‘பேசினேன்’ என்க. நம்மூரில் அது ஏசுவதாகிவிடும் என்று முதல் இரண்டு நாளும் என் நாக்குக் கூசிற்று. நான்காம் நாள் ‘ஓம்’ போய் ‘ஆமாங்க’ தானாக வந்தது.

திரும்பும்போது குறிகட்டுவானில் படகோட்டி, “மாஸ்ரர், பயணம் எப்பிடி?” என்றார். “நல்லா இருந்துச்சுங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.