கச்சான் வரும் திசையில்

பெப்ரவரி 16, 2025, ஞாயிறு

எங்கள் பிரதான வீதியைப் பாலமுனையில் யாரும் ஏ4 என்று சொல்வதில்லை. இந்தப் பக்கம் கல்முனை வீதி, அந்தப் பக்கம் அக்கரைப்பற்று வீதி. இன்று தேசப்படத்தை மேசையில் விரித்து, அந்த வீதியிலேயே விரலை வைத்துத் தெற்கே போனேன். அக்கரைப்பற்று, பொத்துவில். அங்கே கடலை விட்டு மேற்கே திரும்பிச் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய. பிறகு கொஸ்லந்தை, பெரகல என்று ஏறி, அப்புத்தளைக்குக் கீழால் வளைந்து, பலாங்கொடை வழியே இரத்தினபுரியில் இறங்குகிறது. இரத்தினபுரிக்கு மேலேதான், ஆதம் நபியின் பாதம் பதிந்ததாக நாங்கள் சொல்லும் பாவாத மலை, 2,243 மீற்றர். எங்கள் ஒழுங்கை முனையில் பஸ் ஏறினால் வீதி மாறாமலே இரத்தினபுரி வரை போய்விடலாம்.

இந்த வருடக் கடைசியில் எனக்கு அறுபது. அரசாங்க ஊழியருக்கு 65 வரை வேலை என்று 2022 தொடக்கத்தில் சொன்னார்கள். அந்த வருடம் முடிவதற்குள் திரும்பவும் 60 ஆக்கினார்கள். போன சம்பளத்தை நினைத்து எங்கள் ஆசிரியர் அறையில் இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அது கால் நன்றாக இருக்கும்போதே கையில் கிடைத்த ஐந்து வருடம்.

பென்சன் எடுத்தவர் வயலைப் பார்ப்பார், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பார், உம்ராவுக்குப் போய் வருவார். இது ஊர் வழமை. எல்லாம் எனக்கும் வேண்டும். மலையும் வேண்டும்.

மார்ச் 9

தராவீஹ் முடிந்து வந்து இப்னு பதூதாவின் பயணக் குறிப்பை எடுத்தேன். 1344இல் மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவின் மஃபர் கரைக்குப் புறப்பட்டவரைக் காற்று புத்தளம் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. அங்கிருந்த அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை மரியாதையாக வரவேற்று, என்ன வேண்டும் என்று கேட்கிறார். ஆதம் நபியின் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றுமில்லை என்கிறார் வந்தவர். அரசர் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் கூட அனுப்புகிறார். ஒரு முஸ்லிம் பயணியை மலைக்குக் கூட்டிப்போக யோகிகளும் பிராமணர்களும்! இந்த நாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டிய பக்கம் இது.

மலை ஏறுகிற ஆளுக்குத் தேவையான தகவலும் இருக்கிறது. ஈரமான புல்லிலும் மரத்திலுமிருந்து அட்டை பாயும், எலுமிச்சங்காய் பிழிந்துவிட்டால் விழுந்துவிடும் என்கிறார். பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள். அதில் பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பேர். அந்த இடத்தில் கீழே பார்த்தவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமாச் சொல்வாராம். மேலே போக இரண்டு பாதை, பாபா, மாமா. மாமா லேசானது. அதால் ஏறியவரை மலைக்குப் போனவராகவே கணக்கெடுக்க மாட்டார்களாம். கடினமான பாபா வழியால் ஏறியவருக்குத்தான் அந்தப் பேர்.

ஜூன் 14

கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது. கதவுகள் அறைகின்றன, கொடியில் போட்ட சாரம் கால்மணி நேரத்தில் காய்ந்து விறைக்கிறது, தண்ணீர்க் குடத்துக்கு மூடி இல்லாவிட்டால் மணல். மனைவி இந்தக் காற்றை ஏசிக்கொண்டே முற்றம் கூட்டுகிறாள். எனக்கு இதன் மேல் பிரியம், ஏனென்றால் இது மலையைத் தாண்டி வருகிற காற்று. தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு வந்து, மேற்குச் சரிவில் முட்டி ஏறி, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் சில இடங்களில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகையில் சூடாகி, எங்கள் புல்லைக் கருக்குகிறது.

பயணத்துக்கு இதைவிடப் பெரிய வழிகாட்டி தேவையில்லை. எங்களுக்குக் கச்சான் அடிக்கும் மாதங்களில் பாவாத மலை மழைக்குள். அதே மாதங்களில் அப்புத்தளை, எல்ல, பதுளைப் பக்கம் பெரும்பாலும் வெளித்திருக்கும். மார்கழியில் இது தலைகீழ்.

காலையில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் வீதியால் போனார்கள். என்னைவிட மூத்த பெண்கள், வெறுங்கால், தலையில் மூட்டை. இனி உகந்தை, பிறகு குமண காடு. தண்ணீர்ப் போத்தல் கொடுத்தபோது ஓர் அம்மா, “நல்லா இருப்பீங்க தம்பி” என்றார். அவர் குதிகாலின் வெடிப்பைப் பார்த்தபிறகு என் வயதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 20

பாலமுனையில் மேடு என்று ஒன்று இல்லை. வயல், வீதி, கடல், எல்லாம் ஒரே மட்டம். ஆகவே சுபஹுக்குப் பிறகு கடற்கரை மணல், பின்னேரம் பாடசாலையின் மாடிப்படி, முதுகுப்பையில் பழைய பாடப்புத்தகங்கள். ஏறுவது மூச்சுக்கு வேலை, இறங்குவது தொடைக்கு வேலை. தொடையின் முன்தசை வலுவில்லாவிட்டால் பாரம் முழுவதும் முழங்காலில் விழும். கரைவலை இழுக்கிறவர்களை இன்று நெடுநேரம் பார்த்தேன். குதிகாலை மணலில் புதைத்து, பின்பக்கமாக ஒவ்வோர் அடியாக வைத்து, கயிற்றின் கனம் முழுவதையும் தொடையில் வாங்குகிறார்கள். நானும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன். இரவு படுக்கும்போது தொடை சொன்னது, இதுதான் பயிற்சி என்று.

மகளுக்குப் பயம். “வாப்பா, மேல போனா மூச்சு முட்டுமாம், முதல்ல டொக்டரக் காட்டுங்க” என்றாள். காட்டினேன். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேல்தான். எங்கள் நாட்டில் அந்தக் கோட்டைத் தாண்டுவது 2,524 மீற்றர் பீதுருதாலகாலை மட்டும், அங்கே இராணுவ முகாம் இருப்பதால் நினைத்தபடி ஏறிவிட முடியாது. குளிருக்குத்தான் ஆயத்தம் வேண்டும். ஆயிரம் மீற்றருக்கு ஆறு, ஆறரைப் பாகை குறையும். இங்கே 28 என்றால் பாவாத மலையில் 14 அளவில். குளிரில், மலை வழியிலுள்ள சீத கங்குல ஓடையில் வுளூ எடுக்க வேண்டும். எனக்கு அதை நினைக்கவே ஆசையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24

திட்டத்தை இன்று கொப்பியில் எழுதிவிட்டேன். ஜனவரியில், நோன்புக்கு முன், பாவாத மலை. உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரைதான் பருவம். பெருநாள் கழிந்து ஹோர்ட்டன் சமவெளி, அங்கிருந்து கிரிகல்பொத்தை. நடந்து ஏற அனுமதியுள்ள மலைகளில் அதுதான் ஆக உயரம். கச்சான் காலத்தில் பீக்கோ ட்ரெயில். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். நான் ஊவாப் பக்கத்துக் கட்டங்களை முதலில் நடப்பேன். தேயிலை கொண்டுபோக வெட்டிய பாதைகள் அவை. தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் வெட்டியவை, அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கொழுந்துக் கூடையோடு நடப்பவை. வெளிநாட்டவர் வழிகாட்டி வைத்துக் கேட்டறிவதை, ஒரு லயத்து வாசலில் நின்று என் மொழியிலேயே நான் கேட்கலாம். இத்தனை வருடம் மலையகத்தைப் பாடமாகப் படிப்பித்தேன். ஒரு தோட்டத்தைக்கூட ஆறுதலாக நடந்து பார்க்கக் கிடைக்கவில்லை.

பாவாத மலைக்கு நல்லதண்ணிப் பாதை என்று எழுதியிருந்தேன். ஏறத்தாழ 5,500 படி, ஆனாலும் குறுகிய வழி. மனைவியும் வருகிறாள் என்பதால் அப்படி. அவள் கொப்பியை வாசித்துவிட்டு, “இதுதானா அந்த மாமா பாதை?” என்று கேட்டாள். எது எது என்று யாருக்கும் நிச்சயமில்லை என்றேன்.

“அப்ப கஷ்டமானதையே எழுதுங்க. நீங்க தனியப் போனா எந்தப் பாதையால போவீங்களோ, அதாலயே நானும் வாறன்.”

வெட்டித் திருத்தினேன். ஏற்றம் இரத்தினபுரி, பலாபத்தல வழி, இறக்கம் நல்லதண்ணி. அவள் காலளவுக்குப் பிடிப்புள்ள சப்பாத்து அக்கரைப்பற்றில் கிடைக்கவில்லை. சனிக்கிழமை கல்முனைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், இன்னும் நான்கு மாதத்துக்கு அதைப் போட்டு மணலில் நடந்து பழக வேண்டும்.